வயற்பறவைகள் கூடு கட்டும் இடங்கள்

பயிருக்கு நீரும் எருவும் எவ்வளவு அவசியமோ, அப்பயிரை அழிக்கும் புழு பூச்சிகளையும் எலிகளையும் அடக்குவதும் அவ்வளவு அவசியமாகும். இவ்வேலையின் பெரும்பகுதியைக் கூலியின்றிச் செய்து வருபவை பறவைகள். ஆயினும் குடியானவர்களில் பலர், பறவைகள் எங்கிருந்தோ தாமாக வந்து இரை தேடிவிட்டுப் போவதாகவே எண்ணியிருக்கின்றனர். இது சரியன்று. வயலில் நிலையாக இருந்து உழைக்கும் பறவை, அவ்வயலின் அருகிலேயே குஞ்சு பொரிக்கும் பறவையாகும். குஞ்சுகளுக்கு இரை வேண்டிய நாட்களில்தான் அது மிகுதியான பூச்சிகளைப் பிடிக்கிறது. தானியம் தின்னும் சிட்டுக்குருவி முதலியவைகூடத் தம் இளங்குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையே ஊட்டுகின்றன. ஆகையால் கூடு கட்ட இடமில்லாத ஊரில் பறவையின் உதவியும் இல்லை.

கூடு கட்டும் இடத்தைப் பற்றி ஒவ்வொரு ஜாதிப் பறவைக்கும் தனித்தனி விருப்பம் உண்டு. ஒன்று வெறுந்தரையை நாடும். ஒன்று முள் வேலியை நாடும். மற்றொன்று மொட்டைப் பனையை நாடும். ஓரிடம் அழிந்தால் வேறிடம் செல்லலாமே என்பது பெரும்பாலான பறவைகளுக்குப் பொருந்தாது. புதுச்சேரி நகரத்தைச் சுற்றியுள்ள வயல்களையும் ஏரிகளையும் கொண்டு இவ்விஷயம் இங்கு விளக்கப்படுகிறது.

புதுச்சேரியின் பெயர் கொண்ட பறவை

புதுச்சேரி 1954-ம் வருஷம் நவம்பர் மாதம் வரையில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சியின்போது வந்த பிரெஞ்சுக்காரர் பலர் இவ்வூர்ப் பக்கத்துச் செடிகொடிகளையும் பிராணிகளையும் ஆராய்ந்து எழுதினர். அவர்களுள் சொன்னரா என்பவர் தம் கிழக்கிந்தியப் பிரயாணத்தைப் பற்றி 1782-ம் வருஷத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதன்பின் 1789-ல் கமெலின் என்னும் ஜெர்மானிய சாஸ்திரி, கவுதாரிக்குச் சாஸ்திரப் பெயர் சூட்டியபோது, புதுச்சேரியின் பெயரையே அதற்கு வைத்தார். ‘பாண்டிசெரியானஸ்’ என்பது அப்பெயர். உலகமெங்கும் பறவை சாஸ்திரம் கற்போர் கவுதாரியை இன்றும் அப்பெயரால் குறிக்கின்றனர்.

இப்பெருமை நம் குடியானவர்களுக்குத் தெரியாவிட்டாலும், கவுதாரியின் குரல் அவர்களுக்குப் புதிதன்று. விடியற்காலையில் வேலிப்புறத்திலிருந்து விட்டுவிட்டு உரக்கக் கூவுவது அதுவே. கரையானும் வெட்டுக்கிளியும் வண்டும் அதற்குப் பிரியமான இரை. களை விதைகளையும் உதிர்ந்த மணிகளையும் பொறுக்கும். இது மரத்தில் கூடு கட்டுவதில்லை. இலந்தை, காரை, சூரை போன்ற முட்புதரின் அடியிலோ, வரப்போரத்துப் புல்லடர்ந்த பள்ளத்திலோ, தரையைச் சிறிது பறித்துப் புல்லைப் பரப்பி முட்டையிடும். ஓர் ஈட்டில் நான்கு முதல் எட்டு முட்டை வரை இடும். மூன்று வாரத்திற்குள் குஞ்சுகள் பொரித்து வெளிவந்து, உடனே தாயின் பின்னால் ஓடத் தொடங்கும்.

கவுதாரிக்கு இரண்டு வேண்டும்: மேய்வதற்குத் திறந்த நிலம், ஒளிவதற்கும் முட்டையிடுவதற்கும் புதர். இவ்விரண்டும் அருகருகே இருந்தாலன்றி அது வாழாது. முள்வேலியைக் களைந்து கற்றூண் நட்டுக் கம்பி கட்டிய நிலத்தில் மேய்ச்சல் இருந்தாலும் மறைவு இல்லை. சீமைக்கருவேல் முற்றும் மூடிய தரிசிலோ மறைவு இருந்தாலும் மேய்ச்சல் இல்லை. இருவகையிலும் கவுதாரி அவ்விடத்தை விட்டு நீங்குகிறது.

தரையும் வரப்பும்

தரையில் முட்டையிடும் பறவைகள் கவுதாரி ஒன்றுமட்டுமன்று. ஏரியோரங்களிலும் ஈரத் தரிசிலும் சிவப்பு மூக்கு ஆட்காட்டி சிறு கற்களைக் கூட்டி, அவற்றின் நடுவே நான்கு முட்டை இடுகிறது. முட்டைகள் மண்ணின் நிறமும் கரும்புள்ளியும் கொண்டிருப்பதால், காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கோடை வெயில் கடுமையாகும்போது பெற்ற பறவை தன் வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். இதற்கு உறவான மஞ்சள் மூக்கு ஆட்காட்டி ஈரத்தை விரும்பாது. வறண்ட மேட்டுத் தரிசே அதற்கு ஏற்றது. ஒரே குலத்தைச் சேர்ந்த இரண்டு பறவைகள் இவ்வாறு இருவேறு நிலங்களைப் பங்கிட்டுக் கொள்கின்றன.

வானம்பாடி, அறுவடையான புன்செயில் மண்கட்டியின் நிழலிலோ, மாட்டுக் குளம்பு பதிந்த குழியிலோ இரண்டு மூன்று முட்டையிட்டு இரண்டு வாரத்தில் பொரித்துவிடும். காடைகள் புல்லடர்ந்த இடத்தை நாடும். வரிக்காடையில் ஆண் பறவையே அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கிறது. பெட்டை வேறு துணையைத் தேடிச் செல்கிறது.

இப்பறவைகளுள் பல பங்குனி முதல் ஆவணி வரையுள்ள மாதங்களில் முட்டையிடுகின்றன. வரப்புப் புல்லுக்குத் தீ வைப்பதும், தரிசைச் சுத்தம் செய்வதும், கோடையுழவு ஓட்டுவதும் பெரும்பாலும் இக்காலத்திலேயே நடைபெறுகின்றன. கோடையுழவு நல்லதே, அதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் வரப்பின் இருபுறத்துப் புல்லையும் ஒரே நாளில் கொளுத்துவதால் வரும் லாபம் யாதும் இல்லை. அத்தீயில் முட்டையும் குஞ்சும் மாத்திரமன்று, பயிருக்கு உதவும் சிலந்தி முதலிய பிராணிகளும் மடிகின்றன.

மண் சரிவில் வளை தோண்டும் பறவைகளும் உண்டு. பஞ்சுருட்டான் எனப்படும் பச்சைக்குருவி, மணற்பாங்கான கரையிலும், சிலபோது சமதரையிலும், சில அடி நீளமுள்ள வளை குடைந்து அதன் கோடியில் முட்டையிடும். மீன்கொத்தி, கிணற்றின் மண் சுவரிலும் வாய்க்கால் கரையிலும் இவ்வாறே செய்யும். கரை முழுவதையும் சிமிண்டினால் பூசிவிட்டால் இவற்றுக்கு இடமில்லை.

பனை மரம்

புதுச்சேரிப் பக்கத்து வரப்புகளில் நிற்கும் பனைமரம் பறவைகளுக்கு ஒரு முழு ஊரே ஆகும். தமிழ்ப் பெயர்களே இதற்குச் சாட்சி. பனங்காடை, பனை உழவாரன் என்னும் பெயர்கள் அப்பறவைகளின் இருப்பிடத்தை முன்னிட்டே எழுந்தவை.

பனை உழவாரன் மரத்தின் உச்சியில் தொங்கும் ஓலையின் அடிப்புறத்தில், தன் உமிழ்நீரைக் கொண்டு இறகையும் பஞ்சையும் ஒட்டி, உள்ளங்கையளவுகூட இல்லாத கூட்டை அமைக்கிறது. பகல் முழுவதும் வானில் பறந்தபடியே சிறு பூச்சிகளைப் பிடிக்கிறது. காய்ந்த ஓலைகளை முற்றும் கழித்துவிட்ட பனையில் இது தங்குவதரிது.

தூக்கணாங்குருவிக்கு ஓலையின் நுனி வேண்டும். வழவழப்பான உயர்ந்த அடிமரத்தில் பகைப்பிராணி எளிதில் ஏறாது. ஓலை நுனியில் தொங்கும் கூட்டைப் பாம்பு அணுகுவது கடினம். கிணற்றின்மேலோ நீரின்மேலோ சாய்ந்த மரக்கிளை கிடைத்தால் அதையும் ஏற்கும். மழைக்காலத்தை ஒட்டிப் புல்லும் நெல்லும் செழித்திருக்கும் சமயத்தில் ஆண் குருவிகள் நெல்லோலையையும் புல்லையும் நாராகக் கிழித்துக் கூடு முடையத் தொடங்கும். இப்பறவையைக் கூர்ந்து ஆராய்ந்த ஸலீம் அலி என்னும் பறவை சாஸ்திரி 1931-ம் வருஷத்தில் வெளியிட்ட விவரம் கவனிக்கத்தக்கது. ஆண் குருவி கூட்டைப் பாதி முடித்து நிறுத்துகிறது; பெட்டை வந்து அதைச் சோதித்து, திருப்தியானால் மாத்திரம் அதில் குடியேறுகிறது; அதன்பிறகே கூடு முழுமையாக்கப்படுகிறது. பின்பு அதே ஆண் மற்றொரு கூட்டைத் தொடங்கி மற்றொரு பெட்டையை அழைக்கிறது. ஒரு பனையில் பல கூடுகள் பாதியிலேயே நின்றிருப்பதற்குக் காரணம் இதுவே.

பனங்காடையின் நிலை வேறு. அதற்குப் பொந்து வேண்டும். ஆனால் அது பொந்து குடையும் சக்தியற்றது. தலை முறிந்து பட்டுப்போன மொட்டைப் பனையின் உச்சிக்குழியும் உளுத்த பக்கத்துளையுமே அதற்குக் கிடைக்கும் இல்லங்கள். பங்குனி முதல் ஆனி வரையில் அங்கு மூன்று முதல் ஐந்து முட்டை வரை இட்டு, குஞ்சு பறக்கும்வரை ஏறக்குறைய ஒரு மாதம் அதற்கு வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சி, வண்டு, சுண்டெலி ஆகியவற்றை ஊட்டுகிறது. கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் இதே பொந்துகளுக்குப் போட்டியிடும். மொட்டைப் பனையால் குடியானவனுக்குப் பதநீரும் இல்லை, நுங்கும் இல்லை; ஆகவே அதையே முதலில் வெட்டுகிறான். ஆனால் பறவையின் கணக்கில் வேறு மரத்தால் ஈடு செய்யமுடியாத மரம் அதுதான். 2023-ம் வருஷத்தில் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, தொகை குறைந்து வரும் பறவைகளுள் பனங்காடையையும் சேர்த்திருக்கிறது. முன்பு தந்திக் கம்பியெங்கும் காணப்பட்ட ஒரு பறவையின் கதி இவ்வாறானது எச்சரிக்கையாகும்.

அண்டை மாநிலமாகிய தமிழ்நாட்டில், பனையை வெட்டுவதற்கு மாவட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று 2021-ம் வருஷத்தில் அறிவிக்கப்பட்டது. சட்டம் இருப்பினும், வரப்பிலுள்ள மரத்தைக் காப்பது வரப்புக்குரியவன் மனத்தையே பொறுத்தது.

ஏரியும் நன்செயும்

புதுச்சேரி நகரத்திற்கு மேற்கே சுமார் பத்து கிலோமீட்டர் தூரத்தில் ஊசுட்டேரியும், தெற்கே சுமார் இருபது கிலோமீட்டர் தூரத்தில் பாகூர் ஏரியும் இருக்கின்றன. பாகூர்ப் பகுதி இப்பிரதேசத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது. ஊசுட்டேரியின் ஒரு பாகம் புதுச்சேரியையும் மறுபாகம் தமிழ்நாட்டையும் சேர்ந்தது. புதுச்சேரி அரசாங்கம் தன் பாகத்தை 2008-ம் வருஷத்தில் பறவைகள் சரணாலயமாக விளம்பரம் செய்தது.

பனிக்காலத்தில் வெளிதேசங்களிலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் இவ்வேரிகளுக்கு வருவதைப் பலரும் அறிவர். அவை விருந்தாளிகள், இங்குக் குஞ்சு பொரிப்பதில்லை. ஏரியிலேயே குடியிருந்து இனம் பெருக்குபவை வேறு. இலைக்கோழிகள் அல்லி, தாமரை முதலியவற்றின் மிதக்கும் இலைகளின்மேல் முட்டையிடுகின்றன. ஆண் பறவையே அடைகாக்கிறது. நீலக்கோழி சம்பும் கோரையும் அடர்ந்த இடத்தையும், கானாங்கோழி நீரோரத்துத் தாழம்புதர் போன்ற மறைவையும் தேடும். மயில் உள்ளான் சேறும் புல்லும் கலந்த நன்செய் மூலையில் கூடு வைக்கும். இதிலும் அடைகாப்பது ஆணே.

இப்பறவைகளுக்கு நீர்மட்டமே உயிர். மடையைத் திடீரென்று திறந்து ஏரியை வடியவிட்டால் நாயும் நரியும் கூட்டை அடைகின்றன. ஏரியின் விளிம்பெங்கும் செங்குத்தாக வெட்டி ஆழப்படுத்தினால் இலைக்கோழிக்கு வேண்டிய ஆழமில்லாத ஓரம் மறைகிறது. தூர் வாருவது பாசனத்திற்கு இன்றியமையாதது. அதை ஒரே வருஷத்தில் முழுவதும் செய்யாமல், ஒரு பக்கத்துக் கோரையை விட்டு மறுபக்கத்தை வாரினால் இரு காரியமும் நிறைவேறும். ஆகாயத்தாமரை முழுவதும் மூடிய ஏரியோ பாசனத்திற்கும் ஆகாது. திறந்த நீரை நாடும் பறவைக்கும் ஆகாது.

நின்ற பயிரும் தனிமரமும்

பயிரின் நடுவிலும் கூடுகள் உண்டு. கதிர்க்குருவி, நாணலிலும் உயர்ந்த புல்லிலும் நின்ற பயிரிலும் தாளோடு தாளைச் சேர்த்து நாரால் தைத்து, சிறு பை போன்ற கூட்டைக் கட்டி, இலைப்புழுக்களைப் பொறுக்கிக் குஞ்சுகளை வளர்க்கிறது. தையற்சிட்டு கத்தரிக்கொல்லையின் இலைகளையே தைத்துக்கொள்ளும்.

கரிச்சான் என்னும் இரட்டைவால் குருவி மறைவைத் தேடுவதில்லை. வயல் நடுவே தனியாக நிற்கும் வேம்பு, கருவேலம் முதலிய மரத்தின் கவையில் யாவரும் காணும்படி கூடு வைத்து, அதை நெருங்கும் காகத்தையும் பருந்தையும் தாக்கித் துரத்தும். இதன் வீரத்தை நம்பிச் சில சாதுவான பறவைகள் அதே மரத்தில் கூடு வைப்பதுண்டு. ஏர் ஓட்டும்போது கிளம்பும் வெட்டுக்கிளிகளையும் அந்துப்பூச்சிகளையும் பிடிப்பதில் கரிச்சானுக்கு இணை அரிது. ஆகையால் நிழலால் நாலு படி நெல் குறைகிறதென்று தனிமரத்தை வெட்டுபவன், அம்மரத்தின் மறுபக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

கூகை, நகரத்துப் பழங்கட்டிடங்களிலும் கோயில் கோபுரங்களிலும் பெரிய மரப்பொந்துகளிலும் தங்கி, இரவில் வயலுக்கு வந்து எலி பிடிக்கிறது. நான்கு முதல் ஏழு முட்டை வரை இட்டு, ஏறக்குறைய இரண்டு மாதம் குஞ்சுகளுக்கு இரை தேடுவதால், அக்காலத்தில் அது அழிக்கும் எலிகளின் தொகை மிகவும் பெரியது. கூகை அலறினால் கேடு என்னும் நம்பிக்கையினால் அதைக் கல்லாலடித்துத் துரத்துவது, களஞ்சியக் காவலாளியைத் துரத்துவதற்குச் சமம்.

நஷ்டம் செய்யும் பறவைகள்

எல்லாப் பறவையும் எப்போதும் நன்மையே செய்யும் என்று சொல்வது உண்மையாகாது. பால் பிடிக்கும் பருவத்தில் தூக்கணாங்குருவியும் சில்லையும் கதிரில் இறங்கும். கிளி சோளத்தையும் பழத்தையும் கெடுக்கும். நீலக்கோழி ஏரியோரத்து நாற்றைப் பிடுங்கும். மயிலின் தொல்லை தமிழ்நாட்டில் பல ஜில்லாக்களில் பெருத்திருக்கிறது. இவற்றைக் காவல், ஓசை, மினுக்கும் நாடா ஆகியவற்றால் விரட்டுவதே முறை. விஷம் கலந்த தானியத்தை இறைப்பவன் ஒரு சில்லையோடு பத்துக் கவுதாரியையும் கொல்கிறான். சிலவகை எலி மருந்தைத் தின்ற எலியை உண்ணும் கூகையும் சாகிறது. கூகை செத்த பிறகு எலி முன்னிலும் பெருகும். அன்றியும், பறவைகளை வேட்டையாடுவதும் முட்டையெடுப்பதும் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

கூடி முயன்ற ஊர்கள்

பறவைக்குத் தனி மனிதனின் எல்லைக்கல் தெரியாது. ஒருவன் வேலியில் கூடு கட்டி மற்றொருவன் வயலில் இரை தேடும். எனவே இது தனித்தனியாகச் செய்யும் வேலையன்று. ஊரார் கூடிச் செய்யும் வேலை.

செங்கற்பட்டுச் சீமையிலுள்ள வேடந்தாங்கல் இதற்குச் சிறந்த உதாரணம். அவ்வூர் ஏரியின் நீர்க்கடம்ப மரங்களில் கொக்கும் நாரையும் திரளாகக் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பயிருக்கு எருவாகிறதென்று கண்ட குடிகள், அங்கே வேட்டையாடுதலைத் தடுக்கும்படி முறையிட்டு, 1798-ம் வருஷத்தில் லயனல் பிளேஸ் என்னும் கலெக்டரிடமிருந்து அதற்குக் கவுல் பெற்றனர். பின்பு 1936-ல் அது சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி என்னும் சிற்றூரில், 2020-ம் வருஷத்தில், தெருவிளக்கு விசைப்பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்திற்கு மேல் ஊரார் தெருவிளக்கை எரிக்காமலே இருந்தனர்.

பிற நாடுகளின் அனுபவமும் இதையே போதிக்கிறது. பிரிட்டனில் 1970-ம் வருஷத்திற்குப் பின் வயற்பறவைகளின் தொகை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வேலிப்புதர்கள் அழிந்ததும், தரிசு விடாமல் விதைத்ததும், மருந்துகள் பெருகியதும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். ஸ்காட்லாந்தின் தீவுகளில், புல்வெளியில் கூடு கட்டும் ஒருவகைக் கோழி, புல் வெட்டும் இயந்திரத்தினால் அழிந்து வந்தது. வெளிவிளிம்பிலிருந்து உள்ளே வெட்டிச் சென்றால் குஞ்சுகள் நடுவில் அகப்பட்டு மடிகின்றன என்று கண்டு, வெட்டும் காலத்தைத் தள்ளிப் போட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக வெட்டும்படி குடியானவர்கள் இணங்கினர். அப்பறவை மீண்டும் பெருகத் தலைப்பட்டது.

சங்கங்கள் செய்யக்கூடியவை

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் தங்கள் மகாசபையில் ஆலோசித்து, அதிகச் செலவின்றிக் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்.

(1) ஊர் எல்லையிலுள்ள பனைகளையும் பொந்துள்ள மரங்களையும் எண்ணிப் பதிவு செய்தல். மொட்டைப் பனைகளில் சிலவற்றையேனும் வெட்டாமல் நிறுத்துதல்.

(2) வேலிப்புதர்களை ஒரே வருஷத்தில் முழுவதும் கழிக்காமல், ஒரு வருஷம் ஒரு பக்கமாகக் கழித்தல். பங்குனி முதல் ஆவணி வரை வரப்புக்குத் தீ வைக்காதிருத்தல்.

(3) வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரத்தை வயலின் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓட்டச் செய்தல். அது இயலாதபோது, பறவை ஓடிப்போக ஒரு பக்கத்தைக் கடைசிவரை திறந்து விடுதல்.

(4) உழும்போது ஆட்காட்டியின் முட்டை கண்ணில் பட்டால், அதைச் சுற்றி ஒரு முழ நிலத்தை விட்டு உழுதல். அடையாளத்திற்கு ஒரு குச்சி போதும்.

(5) நடவு முடிந்த வயலில், மூங்கிற் கழியின் தலையில் குறுக்குக்கட்டை வைத்து நாட்டுதல். பகலில் கரிச்சானும் இரவில் ஆந்தையும் அதில் அமர்ந்து இரை பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும்போது அவற்றை எடுத்துவிட வேண்டும். இல்லாவிடில் தானியம் தின்னும் பறவைக்கு அதுவே ஆசனமாகும்.

(6) தூர் வாரும் வேலையைப் பகுதி பகுதியாகச் செய்யும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்ளுதல். விஷத் தானியம் வைப்பதில்லையென்று சங்கத்தில் தீர்மானம் செய்தல்.

புதுச்சேரி நகரம் நாளுக்கு நாள் விரிந்து, வயல்கள் மனைகளாக மாறி வருகின்றன. எஞ்சிய வயல்களின் வேலியும் வரப்பும் பனையும் முன்னைவிட இப்பொழுது அதிகப் பெறுமானமுடையவை. புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய கவுதாரி அவ்வயல்களில் தொடர்ந்து கூவுவது, அதற்கு ஒரு முழப் புதரை விட்டுவைக்கும் குடியானவனின் கையில் இருக்கிறது.